கார்லீன் லெஸாமா திரட்டிய கூட்டம்

கார்லீன் லெஸாமாவைப் போல ஒரு கஞ்சப் பிசினாறியை டிரினிடாட் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது. அவளோடு ஒரே அறையில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அலுவலகத்துக்குக் காப்பித்தூள் வாங்குவது அவள்தான். அதனால் நாங்கள் குடிப்பது காப்பியா வெந்நீரா என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. ஆனால் அந்தக் கஞ்சத்தனத்தைக் கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஒரு வருடமும் வந்தது.

க்யூரேப்பில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். கடைகளுக்கும் சங்கங்களுக்கும் வலைத்தளம் செய்து கொடுப்போம். நிரல் எழுதுவது என் வேலை, நான் எழுதியதை உடைத்துப் பார்ப்பது கார்லீனின் வேலை. சம்பளத்துக்கு உடைக்கிற ஆள் இவ்வளவு ஆசையாக உடைக்கக் கூடாது என்று அவளிடம் பலமுறை புலம்பியிருக்கிறேன். அவள் மசிய மாட்டாள்.

"நான் உடைச்சா இந்த ரூமுக்குள்ள உடையும், கெர்வின். ஊரு உடைச்சா உன் மூஞ்சியிலதான் உடையும்" என்பாள்.

ஒரு மழைக்கால மதியம் மிஸ் ஹையசிந்த் அலைன் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். பெல்மான்ட்டில் சொந்தமாகக் கார்னிவல் ஆட்டக் குழு, எங்கள் பேச்சில் பேண்ட், நடத்துகிறவர். அவருடைய பேண்ட் கார்னிவல் செவ்வாய்க்கிழமை தெருவில் இறங்கினால் அந்தப் பக்கத்து ஜனம் பாதி அதில்தான் ஆடும். அதில் ஆட வேண்டுமானால் அவர் தைக்கும் உடையை வாங்க வேண்டும். அந்த உடைகளை அவர் வலைத்தளத்தில் விற்பார், வருடத்தில் ஒரே ஒரு சாயங்காலம். பெரிய இறகு வைத்த முன்வரிசை உடைகள் கொஞ்சம்தான் இருக்கும். அடிபிடி எல்லாம் அதற்குத்தான். எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்கு லேட்டாக வருவார்கள், சவ அடக்கத்துக்கும் லேட்டாக வருவார்கள். உடை விற்பனை திறக்கும் நொடிக்கு மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் ஆஜராகிவிடுவார்கள்.

போன வருடம் அப்படி ஆஜரானபோது தளம் படுத்துவிட்டது. அதைச் செய்தவர்கள் வேறு யாரோ. பணம் கட்டியவர்களுக்கு ரசீது வரவில்லை, கட்டாதவர்கள் பொறுமையிழந்து பெரிய பேண்டுகளுக்கு ஓடினார்கள். பாதிக் கூட்டத்தோடு தெருவில் போன அவமானத்தை மிஸ் ஹையசிந்த் எங்களிடம் கொட்டித் தீர்த்தார்.

"இந்தத் தடவையும் விழுந்துச்சுன்னா என் பேண்ட் ரோட்டுக்கு வராது. தையல் மெஷினை எல்லாம் வித்துட்டு வீட்டுல உக்காந்துடுவேன்" என்றார்.

கார்லீன் உடனே ஒத்துக்கொண்டாள். "விழாது மிஸ். விழறதா இருந்தா அதுக்கு முன்னாடி நானே தள்ளிவிட்டுப் பாத்துடறேன்."

தள்ளிவிட ஒரு கூட்டம் வேண்டும். ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கூப்பிட்டு வைத்துச் சோதிக்க முடியாது. அதற்கென்று கருவிகள் இருக்கின்றன. அவை பொய்யாக ஒரு கூட்டத்தை உண்டாக்கித் தளத்தின்மேல் ஏவிவிடும். எது வாங்குவது என்ற கேள்வி எழுந்ததும் கார்லீனின் முகம் பிரகாசமானது. காசை மிச்சம் பிடிக்கும் சந்தர்ப்பம் என்றால் அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

முதலில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கருவி. பார்க்கப் பார்க்க அழகான வரைபடங்கள். பொய் ஆட்களின் தலைக்கு இவ்வளவு என்று மாத வாடகை. அதை விற்க வந்தவன் திரையில் தோன்றிச் சிரித்துக்கொண்டே இருந்தான். வருடத்தில் ஒரு சாயங்காலம் விற்கிறவர்கள் மீதி மாதங்களுக்கு எதற்கு வாடகை தர வேண்டும் என்று கார்லீன் கேட்டாள். வருடச் சந்தாவில் தள்ளுபடி உண்டு என்றான் அவன். அவள் கேள்வியைத் திரும்பவும் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். எனக்கு அவன்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

இரண்டாவது கருவி சும்மா கிடைத்தது, ஆனால் ஒரு சின்னக் கூட்டம் வரைக்கும்தான். அதற்கு மேல் ஒவ்வொரு ஆளுக்கும் காசு. பத்துப் பேருக்குச் சோறு போட்டுப் பார்த்துவிட்டு ஊருக்கே விருந்து வைக்க முடியுமா என்று அதையும் ஒதுக்கினாள்.

மூன்றாவது யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக் கூடிய இலவசக் கருவி. அழகு கிடையாது. வருகிற ஒவ்வொரு பொய் ஆளும் என்ன செய்ய வேண்டும் என்று நாமே உட்கார்ந்து எழுத வேண்டும். அவளுக்குப் பிடித்துப்போனது. என் லேப்டாப்பிலிருந்தே கூட்டத்தை ஏவிப் பார்த்தோம். தளம் தவழ்கிறது என்று கருவி காட்டியது. நான் தலையில் கை வைத்துவிட்டேன். கார்லீன் குனிந்து லேப்டாப்பின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

"உன் சைட்டுக்கு ஒண்ணும் ஆகல. இத்தனை பேரை அனுப்ப முடியாம இந்தப் பொட்டிதான் மூச்சு வாங்குது" என்றாள்.

உண்மைதான். அனுப்புகிறவன் திணறினால் அந்தப் பழி பெறுகிறவன் தலையில் விழுகிறது. இதைக் கண்டுபிடிக்காமல் நான் ஒரு வாரம் தளத்தைப் பிரித்துப் போட்டிருப்பேன். அவள் வெளியூர்க் கணினிகளை மணிக்கணக்கு வாடகைக்குப் பிடித்தாள். சில நியூயார்க் பக்கம், சில டொரோன்டோ பக்கம். எங்கள் ஆட்கள் அங்கிருந்தெல்லாம் உடை வாங்குவார்களே. ஒரு மணி நேரச் சோதனை முடிந்ததும் விளக்கை அணைக்கிற மாதிரி அவற்றை அணைத்துவிடுவாள். மொத்தச் செலவு எங்கள் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசைத் தாண்டவில்லை.

அடுத்த சோதனையில் தளம் தாங்கியது. நான் எழுந்து கை தட்டினேன். கார்லீன் தட்டவில்லை.

"இவங்க நம்ம ஆளுங்களே இல்லடா. வரிசையா வராங்க, ஒண்ணு வாங்கறாங்க, போயிடறாங்க. நம்ம ஊர்ல எவன் அப்படி வாங்குவான்?"

பிறகு அவள் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். தன் பொய்க் கூட்டத்துக்கு எங்கள் ஊர்ப் புத்தியைக் கற்றுக்கொடுத்தாள். ஒரே ஆள் நாலு போனில் நுழைவான். உடையைக் கூடையில் போட்டுவிட்டு, அளவு கேட்க அத்தை மகளுக்குப் போன் அடிப்பான். அவள் எடுக்கும்வரை கூடையை விட மாட்டான். பக்கம் திறக்கக் கொஞ்சம் சுணங்கினால் பொத்தானைக் கோபமாகத் திரும்பத் திரும்ப அமுக்குவான். இந்தக் கூட்டத்தை ஏவியதும் தளம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்று அவளோடு பேசவேயில்லை. மறுநாள் உட்கார்ந்து, வாசலில் ஒரு காத்திருப்பு வரிசையை எழுதினேன். வருகிற எல்லாரும் அதில் நிற்க வேண்டும். தளம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். அதற்குப் பிறகு அவளுடைய அத்தனை போக்கிரிகளையும் தளம் தாங்கியது.

அப்போதுதான் மிஸ் ஹையசிந்த் சாவகாசமாக ஒரு விஷயத்தைச் சொன்னார். வழக்கமாக வேண்டியவர்களுக்கென்று ஒரு தனி லிங்க் கொடுப்பாராம். வரிசைக்கு வெளியே, நேராக உடைப் பக்கத்துக்கே போகும் பின்வாசல். இந்த வருடமும் உடைப் பக்கத்தின் முகவரியை எடுத்துக் கொடுத்தாகிவிட்டது.

கார்லீன் பேனாவைக் கீழே வைத்தாள். அதை மூட வேண்டும் என்றாள். போன வருடம் தளத்தை விழத்தட்டியதே அதுவாக இருக்கும் என்றாள். மிஸ் ஹையசிந்துக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ குடும்பத்தார், ஞானப்பிள்ளைகள், கொஞ்சம் சிநேகிதர்கள், அவர்களாலா தளம் விழும் என்று கேட்டார்.

"நமக்கு வேண்டியவங்களுக்கு ஒரு கதவு திறக்க முடியலேன்னா, அப்புறம் நான் என்ன பேண்ட் லீடர்?"

அவர் சொன்னதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இந்தத் தீவில் ஒருவருக்கு மரியாதை என்பதே அதுதான். எந்த விருந்துக்கும் எந்த அலுவலகத்துக்கும் உள்ளே ஒரு ஆள் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் முன்வாசலில் காய்வான். கார்லீன் வாதாடவில்லை. சனிக்கிழமை காலையில் தெருவண்டியில் டபுள்ஸ், அதாவது ரொட்டிக்குள் கடலைக்கறி, சாப்பிடப் போகலாம், தானே வாங்கித் தருவதாகச் சொன்னாள். அவள் வாங்கித் தருவதா? எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

க்யூரேப் சந்திப்பில் சூக்தியோவின் வண்டி முன்னால் வழக்கம்போல நல்ல கூட்டம். மிஸ் ஹையசிந்தை ஓரமாக நிற்க வைத்துவிட்டு கார்லீன் வரிசையில் போய் நின்றாள். தன் முறை வந்ததும், காரம் கொஞ்சமாகப் போடச் சொல்லிவிட்டு, பெல்மான்ட் ஹையசிந்த் பேண்டுக்கு யாரிடமாவது லிங்க் இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டாள். ரகசியக் குரலில் இல்லை. பஸ்ஸுக்கு நேரம் கேட்கிற மாதிரி.

சூக்தியோ மஞ்சள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "இரு புள்ள, என் மருமக அனுப்பிச்சது இங்கதான் இருக்கு. நம்பர் சொல்லு."

பின்னால் நின்ற டீச்சரம்மா தனக்கும் அனுப்பச் சொன்னார். வேன் ஓட்டுகிற ஒருவர் தன்னிடம் முந்தாநாளே வந்துவிட்டது என்றும் தன் வண்டியில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டேன் என்றும் பெருமையாகச் சொன்னார். எங்கோ சர்ச் குழுவில் போட்டிருக்கிறார்கள் என்று இன்னொரு குரல். அவர்களில் ஒருவருக்குக்கூட ஓரமாக நிற்கும் அம்மாதான் ஹையசிந்த் என்று தெரியவில்லை.

மிஸ் ஹையசிந்த் டபுள்ஸைக் கையில் வைத்தபடியே நின்றார். கடலை வழிந்து காகிதத்தில் ஊறியது. கார்லீன் எதுவும் சொல்லிக்காட்டவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிக்காட்டியிருப்பேன்.

திரும்பி வந்ததும் அந்தத் தனி லிங்க் வழியாகவே பொய்க் கூட்டத்தை அனுப்பிக் காட்டினாள். என் அருமையான வரிசை ஒரு பக்கம் ஒழுங்காக நின்றுகொண்டிருக்க, பின்வாசல் வழியாக வந்தவர்கள் தளத்தை மிதித்துப் போட்டார்கள்.

"மூடிடு" என்றார் மிஸ் ஹையசிந்த். "என் பேரைச் சொல்லி யார் வந்தாலும் திறக்காத. நானே வந்து கெஞ்சினாலும் திறக்காத."

விற்பனை நாளன்று பெல்மான்ட்டில் அவருடைய மாஸ் கேம்பில், கார்னிவல் உடை தைக்கும் பட்டறையில், இருந்தோம். துணி வெட்டும் நீள மேசையில் கார்லீன் லேப்டாப்பை வைத்திருந்தாள். சுற்றிலும் இறகு மூட்டைகள், பசை வாசனை. தையல்காரப் பெண்கள் வேலையில்லாமல் சுவரோரம் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு இந்த வருடம் வேலை உண்டா என்று தெரியும்.

திறந்த நொடியிலேயே கூட்டம் வந்து மோதியது. கார்லீன் திரட்டிய பொய்க் கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம், ஆனால் அதே குணம். நாலு போன், கூடை, அத்தை மகள், எல்லாம் அப்படியே. வரிசை நீண்டுகொண்டே போனது. தளம் நின்றது.

உடனே மிஸ் ஹையசிந்தின் போன் அலறத் தொடங்கியது. பெரிய மனிதர் ஒருவரின் மனைவி. பாதிரியார். ஞானமகன். லிங்க் வேலை செய்யவில்லை என்று எல்லாருக்கும் ஒரே புகார். ஒவ்வொருவரிடமும் அவர் வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு வைத்தார். ஒவ்வொரு முறையும் கார்லீனின் பக்கம் ஒரு பார்வை. அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. கார்லீன் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அந்த நிமிடத்தில் அவளுக்கு இருந்த நெஞ்சுரம் எனக்கு வராது.

பிறகு புரூக்ளினிலிருந்து அவருடைய சொந்தத் தங்கை. ஊர்சுலா போட்ட சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. முன்வரிசை உடை தீர்ந்துகொண்டிருக்கிறதாம், தன் முறை வருவதற்குள் போய்விடுமாம், தன் உடன்பிறந்தவளுடைய பேண்டில் தனக்கே இடமில்லையா என்று அழுகையும் வசவுமாகக் கேட்டாள். மிஸ் ஹையசிந்த் கண்ணை மூடிக்கொண்டார்.

"நில்லு ஊர்சுலா" என்றார். "உனக்கு முன்னாடி நிக்கறவளும் யாருக்கோ தங்கச்சிதான்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. ஊர்சுலா அவரோடு மறுபடி பேச ஒரு கார்னிவல் கழிய வேண்டியிருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

கடைசி உடை விற்றபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மிஸ் ஹையசிந்த் மேசையைப் பிடித்துக்கொண்டு, விழுந்ததா என்று கேட்டார்.

"இல்ல மிஸ். எல்லாம் வித்துடுச்சு. பின்வரிசைகூட ஒண்ணு மிச்சமில்ல" என்றாள் கார்லீன்.

அவர் அவளைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. சுவரோரம் இருந்த பெண்களின் பக்கம் திரும்பி, மேசையைக் காலி பண்ணச் சொன்னார். கார்லீன் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் பச்சைத் துணி ஒன்றை விரித்து, அவர்கள் வெட்ட ஆரம்பித்தார்கள்.