ட்ரங்க் போர்டில் விளக்கு எரியாத வாரங்கள்

விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஆபரேட்டர் வேலை கிடைத்தபோது கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கோலியனூரில் என் வீட்டுக்காரருக்கு ஐந்து ஏக்கர் கழனியும் ஒரு கிணறும் இருந்தன. அவர் கழனியைப் பார்த்துக்கொண்டார். நான் காலையில் டவுன் பஸ் பிடித்து வேலைக்குப் போனேன். மருமகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சையெல்லாம் கேட்கிறாள் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. உண்மையில் கேட்பதற்கெல்லாம் எங்களுக்கு நேரமே கிடைக்காது.

அப்போது வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிட்டு, எந்த ஊர், எந்த நம்பர் என்று சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அதுதான் ட்ரங்க் கால். நாங்கள் ஒரு சீட்டில் எழுதி, லைன் கிடைக்கும்போது கூப்பிட்டு இணைத்து வைப்போம். சாதா கால் என்றால் அரை நாள்கூட ஆகும். அவசரக்காரர்கள் அர்ஜென்ட் போடுவார்கள், கட்டணம் இரண்டு மடங்கு. உயிர் போகிற அவசரம் என்றால் லைட்னிங். அது பல மடங்கு. சாவுச் செய்திக்குத்தான் லைட்னிங் போடுவார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன். மல்லாட்டைக்கும், அதாவது வேர்க்கடலைக்கும், போடுவார்கள் என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அன்றைக்கு வியாபாரம் என்றால் முக்கால்வாசி மல்லாட்டைதான். மண்டிக்காரர்கள், காய் உடைக்கிற மில்காரர்கள், எண்ணெய் மில்காரர்கள் எல்லோரும் மெட்ராஸ், விருதுநகர், பம்பாய் என்று விலை கேட்டுப் பேசுவார்கள். சில வாரங்களில் போர்டு முழுக்க, கூப்பிடுகிற லைன்களின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சாப்பிட எழுந்தால் திரும்பி வரும்போது சீட்டுகள் குவிந்து கிடக்கும். சில வாரங்களில் அதே போர்டு செத்தது போல இருக்கும். ஸ்வெட்டர் பின்னலாம்.

மூன்று வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. லைட்னிங் சீட்டுகள் குவிகிற வாரங்களுக்குப் பிறகு, என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது, "கமிட்டில வெலை எறங்கிடுச்சி" என்பார். கமிட்டி என்பது விவசாயிகள் விளைச்சலைக் கொண்டுபோய் விற்கிற அரசாங்க விற்பனைக்கூடம். போர்டு செத்துக் கிடக்கிற வாரங்களுக்குப் பிறகு, கொஞ்ச நாள் கழித்து, விலை மெல்ல ஏறும். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டேன்.

இதை நான் முதலில் சொன்னது என் நாத்தனாரிடம். வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன்; திண்டிவனத்தில் பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தால் பேப்பரில் வியாபாரப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் படிப்பார். அந்தப் பக்கத்தைப் படிக்கிற வேறு பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எல்லாரும் வாங்கணும்னு அடிச்சிக்கினு போன் போடறாங்கன்னா, வாங்கறதுக்கு இனிமே ஆளு பாக்கி இல்லன்னு அர்த்தம்," என்றார். "அதுக்கப்புறம் வெலை எப்படி ஏறும்?"

அவ்வளவு எளிதாக அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த வருஷம் சித்திரை அறுவடையில் மல்லாட்டை விலை பாதாளத்துக்குப் போனது. ரேஷன் கடையில் வெளிநாட்டு பாமாயில் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். இனிமேல் கடலை எண்ணெயை யாரும் சீண்ட மாட்டார்கள் என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. கழனிக்காரர்கள் பலர் அடுத்த பட்டத்துக்குக் கரும்பு நடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், சிலர் சவுக்கு. எங்கள் போர்டில் மல்லாட்டைக் கால்கள் நின்றே போயின. அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அண்ணி ஒரு சனிக்கிழமையே வந்துவிட்டார். என் வீட்டுக்காரரை உட்கார வைத்துப் பேசினார்.

"வெளிநாட்டு எண்ணெய்க்கு டாலர் குடுக்கணும். எத்தினி வருஷத்துக்கு இப்படி வாங்கிக்கினு இருப்பாங்க? இங்க எல்லாரும் கரும்பு நட்டா அடுத்த வருஷம் மல்லாட்டை யாரு போடுவா? நம்ம காயை விக்காத. முடிஞ்சா இன்னும் வாங்கு."

"வாங்கறதா? ஊரே விக்கிது," என்றார் அவர்.

"அதனாலதான் சொல்றேன்."

தன் சேமிப்பில் பாதியைத் தருவதாகச் சொன்னார். பாதி மட்டும்தான். "மீதி என் வயித்துக்கு," என்றார்.

எனக்கு வேறு ஒரு பயம் இருந்தது. நான் யார் பேச்சையும் ஒட்டுக்கேட்கவில்லை. ஆனாலும் ஆபீஸில் பார்த்ததை வைத்துச் சொந்தக் காரியம் செய்வது சரியா? இரண்டு நாள் மனசு அரித்தது. கடைசியில் எங்கள் சூப்பர்வைசர் அம்மாவிடமே போய்ச் சொல்லிவிட்டேன். கண்டிப்பானவர். சிரித்துப் பேசியதற்கே பெண்களுக்கு மெமோ கொடுத்தவர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, நான் சொன்னதை முழுசும் கேட்டுக்கொண்டார்.

"யார் என்ன பேசினாங்கன்னு வெளிய சொன்னா உன் வேலை போயிடும். யார் யார்கிட்ட பேசினாங்கன்னு சொன்னாலும் போயிடும். கால் ஜாஸ்தியா கம்மியான்னு கேட்டா, வாசல்ல டீ விக்கிறவருக்கே அது தெரியும். நமக்கு டீ குடிக்க நேரம் இருக்கா இல்லையான்னு அவருக்குத் தெரியாதா?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "இருந்தாலும் சீட்டுல பேரைப் பாக்கறதை நிறுத்திடு. ஊரை மட்டும் பாரு," என்றார்.

அன்றிலிருந்து பேரைப் பார்த்தாலும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. நேர்மையாக இருப்பது எப்படி என்று எனக்கு அந்த அம்மா ஒரு நிமிஷத்தில் காட்டிக் கொடுத்தார். மெமோ எதுவும் தரவில்லை.

எங்கள் விளைச்சலோடு பக்கத்துக் கழனிக்காரர்கள் நான்கு பேரிடம் வாங்கினோம். மில்காரர் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடத்தான் கொடுத்தோம். வாங்குவதற்கு முன் என் வீட்டுக்காரர் ஒவ்வொரு மூட்டையிலும் கை விட்டு நாலு காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். உள்ளே இருக்கிற கடலைப் பயிறு கலகலவென்று சத்தம் போட்டால் நன்றாகக் காய்ந்தது என்று அர்த்தம். நன்றாகக் காயாதது பூசணம் பிடித்துவிடும். வீட்டில் இரண்டு அறைகளில் உத்தரம் வரைக்கும் மூட்டை. நாங்கள் பிள்ளைகளோடு கூடத்தில் படுத்தோம். எலிக்காக ஒரு பூனை வளர்த்தோம், அது எலியைத் தவிர எல்லாவற்றையும் பிடித்தது.

ஊரில் பேசினார்கள். என் கொழுந்தன்மார் இருவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. மூட்டை விற்ற நான்கு பேரில் ஒருவர், என் வீட்டுக்காரருடன் சின்ன வயசிலிருந்து பழகியவர், காசை வாங்கிக்கொண்டே, "உனுக்கு இன்னாத்துக்குடா இந்தப் பேஜாரு?" என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமான கவலையோடுதான் கேட்டார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. கூட்டத்துக்கு எதிராகப் போவது தைரியம் என்று இப்போது புத்தகங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அப்போது இருந்தது பயம் மட்டும்தான். ஆனியில் விலை இன்னும் இறங்கியது. வீட்டுக்காரர் மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அண்ணி மட்டும் ஞாயிறு தவறாமல் வந்தார், வியாபாரப் பக்கத்தைப் படித்தார், "பாக்கலாம்" என்றார், மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆடியில் மழை இல்லை. விதைத்தவர்கள் விதையை இழந்தார்கள். ஆவணியும் காய்ந்தது. வடக்கேயும் மழை இல்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். புரட்டாசியில் எங்கள் போர்டில் விருதுநகர் லைனுக்கு முதல் அர்ஜென்ட் வந்தது. அப்புறம் தினம் நாலு, தினம் பத்து. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லைட்னிங் சீட்டுகளை வைக்கப் பெட்டியில் இடம் இல்லை. லைன் கிடைக்கவில்லை என்று ஒருவர் எக்ஸ்சேஞ்சுக்கே நேரில் வந்து கத்தினார்.

கமிட்டியில் விலை சித்திரையில் இருந்ததைப் போல இரண்டு பங்கை நெருங்கியிருந்தது. இப்போது என் வீட்டுக்காரர் விற்க மறுத்தார்.

"பொங்கலுக்கு இன்னும் ஏறும்னு எல்லாருமே சொல்றாங்க."

"அதையேதாங்க நானும் சொல்றேன்," என்றேன். "எல்லாரும் சொல்றாங்க. நாளைக்கே வண்டி கட்டுங்க."

ஆறு மாசமாக அக்காவும் பெண்டாட்டியும் சொன்னதைச் செய்கிறவன் என்று தெருவில் பேர் வாங்கியிருந்தார். அந்தக் கோபமும் அவருக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியும். கடைசியில், "விதைக்கு இருபது மூட்டை எடுத்து வச்சிட்டுத்தான் மீதி போவும்," என்றார். அது அவருடைய யோசனை. நானும் அண்ணியும் நினைத்தே பார்க்காதது.

மீதியை இரண்டு நடையாகக் கமிட்டிக்கு ஏற்றினோம். வியாபாரிகள் சீட்டில் விலை எழுதிப் போட, அதிகம் எழுதியவருக்குப் போயிற்று. தை மாதம் வெளிநாட்டிலிருந்து இன்னும் எண்ணெய் வரப்போகிறது என்று செய்தி வந்து விலை சரிந்தது. நாங்கள் அப்போது விற்பனையை முடித்து, வந்த பணத்தில் கிணற்றுக்குள் போர் போட்டு முடித்திருந்தோம். அந்தக் கோடையில் எங்கள் பக்கத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்த சில கிணறுகளில் எங்களுடையதும் ஒன்று.

விலை சரிவதற்கு முன்பே, மார்கழிப் பட்டத்துக்கு விதை தேடி ஊரே அலைந்தது. கவலையோடு என் வீட்டுக்காரரைக் கேட்டாரே, அந்தச் சிநேகிதர் ஒரு காலையில் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. தன் கழனியில் விளைந்த காயையே விலைக்குக் கேட்க வந்திருந்தார். நான் சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு வெளியே வர வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. விலை ஏறினால் சந்தோஷம் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர், "உங்கிட்ட இன்னா வெலைக்கு வாங்கினனோ அதே வெலைதான். உள்ள வா," என்றார்.

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் கொண்டுவந்த காபியைக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வாங்கலன்னா அன்னிக்கு மில்லுக்கு அதுக்கும் கீழதாம்மா குடுத்திருப்பேன். இப்ப விதைக்கு எங்க போவேன்?" என்றார். மற்ற மூன்று பேருக்கும் அதே விலைக்குத்தான் கொடுத்தோம். கொழுந்தன்மாரும் வந்தார்கள். அவர்களுக்குக் கமிட்டி விலை. அதில் மட்டும் என் வீட்டுக்காரர் கறாராக இருந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பேன். இரண்டு வருஷம் கழித்து விலை கொஞ்சம் இறங்கியிருந்த நேரத்தில் போர்டு மறுபடியும் செத்துப்போனது. மெட்ராஸ் லைனில் நாள் முழுக்க ஐந்து சீட்டு, ஆறு சீட்டு. நான் பரபரத்துப் போய்ச் சொன்னேன். அண்ணி இந்தத் தடவையும் சேமிப்பில் பாதிதான் தந்தார். எனக்கு உள்ளூர வருத்தம், முழுசும் தந்தால் என்ன என்று. மூட்டை வாங்கி அடுக்கினோம். விலை இறங்கியது. இன்னும் இறங்கியது. போர்டு அப்படியே கிடந்தது.

ஒரு மத்தியானம் சூப்பர்வைசர் அம்மா என் பின்னால் வந்து நின்றார். அந்த அமைதிக்கு எல்லோரும் வேறு அர்த்தம் எடுத்திருந்தார்கள், எனக்கு மட்டும்தான் தோன்றவில்லை.

"எல்லாருக்கும் எஸ்.டி.டி. குடுத்தாச்சு இல்ல? அவங்களே டயல் பண்ணிக்கிறாங்க. இனிமே நம்மகிட்ட எதுக்கு வருவாங்க?" என்றார்.

வியாபாரிகள் முன்னைவிட அதிகமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். என் வழியாகப் பேசவில்லை, அவ்வளவுதான். எஸ்.டி.டி. வந்தது எங்கள் ஆபீஸிலேயே எல்லோரும் பேசிய விஷயம். எங்கள் வேலை என்ன ஆகும் என்று நானே கவலைப்பட்டிருக்கிறேன். அதையும் இதையும் என் மூளை சேர்த்துப் பார்க்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தார். பஸ் விட்டு இறங்கி வந்தவரை உட்காரக்கூட விடாமல் சொல்லிவிட்டேன். அவருடைய பணம் போனதற்கு நான்தான் காரணம் என்றேன். அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"போன தடவை நாம ரொம்ப புத்திசாலிங்கன்னு நெனச்சிக்கினு இருந்தோம். மழை வரல, அவ்ளோதான். மழை வந்திருந்தா அன்னிக்கே இதுதான்." பிறகு தம்பியைப் பார்த்து, "பாதிக்கு மேல தரமாட்டேன்னு சொன்னனே, அது மட்டுந்தான் என் புத்தி," என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குத்திச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நஷ்டத்துக்கு விற்றது போக மிஞ்சிய பத்து மூட்டையைச் செக்கில் கொடுத்து ஆட்டினார். அண்ணி வீட்டுக்கு இரண்டு டின், சூப்பர்வைசர் அம்மா வீட்டுக்கு ஒரு டின் போயிற்று. அவர் லஞ்சம் என்று திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்துகொண்டே கொடுத்தேன். நல்ல எண்ணெயா என்று மோந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் எண்ணெய் வாங்கவே இல்லை. வெல்லம் போட்டு இடித்த மல்லாட்டை உருண்டை தின்று என் பிள்ளைகள் இரண்டும் நன்றாகச் சதை போட்டன.