ஒரே ஆடியில் இரண்டு கிருத்திகை

எனக்கு வந்த மஞ்சள் காமாலை குணமானால் முருகனுக்கு முடி கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். குணமாகிவிட்டது. அந்த வருஷம் ஆடி பிறந்ததும் ஒரு கிருத்திகை, முடியும்போது இன்னொன்று. எந்தக் கிருத்திகைக்கு மலையேறுவது என்று திருத்தணியில் பாதி வீடுகளில் வாக்குவாதம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். சுதந்திர தினத்துக்குப் பள்ளியில் கோலாட்டம் ஆட இருந்தேன். எப்போது மொட்டையடித்தாலும் பின்னல் இருக்காது. சாப்பிடாமல் அழுதேன்.

ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு எங்களுடனேயே இருந்த தாய்மாமாதான் வழி கண்டுபிடித்தார்.

"யார் முடின்னு சாமிகிட்ட சொன்னியாக்கா?"

அம்மா யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லை.

"அப்ப நான் குடுத்துடறேன். பாப்பா ஆடட்டும்."

ஆவணி பிறந்ததும் மாமாவுக்குப் பெண் பார்க்க நகரிக்குப் போவதாக ஏற்பாடு. "அப்டின்னா மொத கிருத்திகைக்கே போட்டுக்கோடா. அதுக்குள்ள கொஞ்சம் முளைச்சிடும்" என்றாள் அம்மா.

அங்கேதான் மாமா பிடிவாதம் பிடித்தார். தினசரி காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்த கணக்கும் வானத்தோட சரியா ஒட்டாதுக்கா. அதான் நாலு வருஷத்துக்கு ஒருவாட்டி பிப்ரவரில ஒரு நாள ஒட்டு போடறாங்க. இங்க மாசம் முடியறதுக்குள்ள சந்திரன் ஒரு சுத்து சுத்திட்டு வந்துகினு இருக்குது. அதான் ரெண்டு கிருத்திகை. பின்னால வர்றதுதான் அசலு."

அம்மா காலண்டரை வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டினாள். மாமாவுக்கு இவ்வளவு பஞ்சாங்கம் தெரியும் என்று எனக்கு ஒரே பெருமை.

இரண்டாம் கிருத்திகையன்று மலை முழுக்கக் காவடி. தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, ஏதோ ஜெயித்தவரைப் போல மாமா படியிறங்கினார். எதிரே, பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்யும் அக்கா ஏறி வந்தாள். அவரைப் பார்த்ததும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நெஜமாவே போட்டுகினீங்களா?"

"ஆங்" என்று தலையைக் குனிந்து காட்டினார் மாமா.

மறுநாள் பின்னல் பறக்க ஆடினேன். ஆவணியில் நகரிக்காரர்கள் மாமாவின் தலையைப் பார்த்துவிட்டு, முடி வளரட்டும், பிறகு பேசலாம் என்றார்கள். அதற்குள் மாமா அம்மாவிடம் வேறு ஏதோ பேசி முடித்திருந்தார்.

தை மாதம், ஜெராக்ஸ் கடை அக்கா எனக்கு அத்தையானாள். மணமேடையில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, என் பின்னலுக்காகவே மாமா மொட்டை போட்டுக்கொண்ட கதையை வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அத்தை ஏன் தலையைக் குனிந்து சிரித்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.