காணாமல் போன கல்லின் அளவு

தளக்கல் மேஸ்திரி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதை ஒளிக்கவும் மாட்டார். "பெரிய படிப்பு படிச்சவங்கல்லாம் நான் போட்ட தரை மேலதான் நடக்குறாங்க" என்பார். பதினோரு வயதில் கலவைச் சட்டி தூக்கி, முப்பதில் தரையின் மட்டம் பார்க்கச் சொந்தமாக ரசமட்டம் வாங்கியவர். அவர் பதித்த தளத்தில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். இதில் மிகை ஒன்றும் கிடையாது.

அப்பேர்ப்பட்டவரையே அந்த நூலகக் கூடம் திணற அடித்தது. விரிசல் விட்ட பழைய கற்களை யாரோ பெயர்த்து வண்டியேற்றிவிட்டார்கள். ஒரு கல்லையாவது அளந்து வைத்தார்களா? இல்லை. நூலகத் தலைவிக்கு நினைவிருந்தது இவ்வளவுதான்: எல்லாம் ஒரே அளவில் பெரிய பெரிய சதுரக் கல், சுவரோரத்தில்கூட வெட்டுத்துண்டு கிடையாது. அதே மாதிரி வேண்டும். மதியத்துக்குள் அளவு தெரியாவிட்டால் விரிப்புக்காரர் வந்து கூடம் முழுக்க பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டிவிடுவார். மேஸ்திரி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"சுவத்தையே முறைச்சா அது பயந்து அளவைச் சொல்லிடுமா மச்சான்?" என்றார் மைத்துனர். மனைவியின் தம்பி, கல்லுக்கு மெருகு போடுகிறவர்.

"வாயை மூடிட்டு டேப்பைப் பிடி மாப்ள."

நீளம் 10231 மில்லி, அகலம் 6576. இரண்டையும் மீதியில்லாமல் அளக்கும் மிகப் பெரிய எண்தான் கல். அதற்கான வழி மேஸ்திரிக்கு மறக்கவில்லை. பெரியதைச் சின்னதால் வகு. வந்த மீதியால் அந்தச் சின்னதை வகு. மீதி தீரும்வரை விடாதே. கடைசியாக எதனால் வகுத்தாயோ அதுதான் மீப்பெரு பொதுக் காரணி. சாக்பீஸால் வெறும் தரையில் போட்டார். மீதி 3655, 2921, 734, 719. பிறகு சடசடவென்று 15, 14, 1.

"ஒரு மில்லிக் கல்லா!" மைத்துனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடுகைக் கொட்டித்தான் தளம் போடணும்!"

மேஸ்திரி மறுபடி வகுத்தார். அதே ஒன்று. மறுபடி அளந்தார். அதே சுவர். கணக்கும் சரி, சுவரும் சரி என்றால் எது பொய் சொல்கிறது? கோபம் போய், தெரிந்தே ஆகவேண்டும் என்ற அரிப்பு பிடித்துக்கொண்டது. மூலையில் கிடந்த குப்பையைக் கிளறினார். விரல் நீளத்துக்கு ஒரு கலவைச் சில்லு கிடைத்தது, இரு பக்கமும் வழவழவென்று. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விடும் ஜாயின்ட்டில் பூசியது. தடிமன் மூன்று மில்லி.

"மாப்ள, ஒவ்வொரு கல்லும் ஒரு ஜாயின்ட்டையும் சேர்த்துத்தானே இடம் பிடிக்குது?"

"ஆமா."

"கடைசிக் கல்லு?"

"அது சுவத்தை ஒட்டி நிக்கும். அதுக்கு ஏது ஜாயின்ட்டு?"

"அப்போ கணக்குல ஒரு ஜாயின்ட்டு குறையுதுடா! நாமதான் சேர்க்கணும்."

இரண்டிலும் மூன்றைக் கூட்டினார். 10234, 6579. மீதி 3655. அடுத்து 2924. அடுத்து 731. அந்த 731 போய் 2924-ஐ நாலே தடவையில் துடைத்துவிட்டது. மீதி பூஜ்யம். ஜாயின்ட்டைக் கழித்தால் கல் 728.

மைத்துனர் சிரிக்கவில்லை. "இப்படி ஒரு அளவை நான் கேள்விப்பட்டதே இல்லை மச்சான்."

"நானும்தான். அதான் நம்புறேன். கூடத்தை அளந்துட்டு அறுத்த கல்லுடா இது."

தலைவி வந்தபோது மேஸ்திரி கட்டம் கிழித்து முடித்திருந்தார். நீளவாக்கில் பதினான்கு, அகலவாக்கில் ஒன்பது. கடைசிக் கட்டங்கள் சுவரில் போய் முட்டி நின்றன. தாள் நுழைய இடமில்லை. தலைவி இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். போனை எடுத்து விரிப்புக்காரரை வர வேண்டாம் என்றார்.

மேஸ்திரி கல் அறுப்பவருக்குப் போன் போட்டார். நூற்று இருபத்தாறு கல், எழுநூற்று இருபத்தெட்டு மில்லி.

"அதென்னண்ணே கிறுக்கு அளவு? எழுநூத்து முப்பதா போட்டுடவா?"

"போடு தம்பி. பதினாலு கல்லுல இருபத்தெட்டு மில்லி ஏறும். சுவத்தைத் தள்ளி வைக்க நீயே வந்துடு."