பதினேழு புள்ளி ஒன்பது ஒன்பது

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் குரங்குத் தொப்பி போட்டிருந்தார். மடியில் லேப்டாப். யோசனை வந்தால் என்னைத் தாண்டிக் கைநீட்டி, பனி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் இலக்கங்களை எழுதுவார். உடனே முழங்கையால் துடைப்பார். என் சட்டைக் கையும் நனைந்துபோனது.

என்ன வேலை என்று கேட்டேன். ஒரு கம்ப்யூட்டர் மொழியில் தசமக் கணக்குப் போடும் பகுதியை வேகமாக்கலாம் என்று, அதைப் பராமரிப்பவர்களுக்கு யோசனை எழுதி அனுப்புகிறாராம்.

“கம்ப்யூட்டர் ஏற்கெனவே வேகந்தானேங்க?”

“வேகமாத் தப்பா கூட்டுதுங்க. எங்கம்மா ஒரு நாள் தோட்டத்துல எடுத்த தேயிலைக் கொழுந்து, மூணு நிறுவையும் சேத்தா சரியாப் பதினெட்டுக் கிலோ. நிறுக்கிற மெஷின் பதினேழு புள்ளி ஒன்பது ஒன்பதுன்னு காட்டுச்சு. பதினெட்டு இல்லாட்டி அரைப்பேருதான், அரை நாள் சம்பளம். சரியாக் கூட்டுற முறையும் இருக்குங்க. மெதுவா வேலை செய்யுதுன்னு மெஷின் செஞ்சவங்க அதப் போடல.”

“எவ்வளவு வேகம் வேணும்?”

கண்ணாடிக்குப் போன விரல் பாதியில் நின்றது.

“அம்மா சாக்க எறக்கி வச்சிட்டு நிமிர்றதுக்குள்ள கணக்கு வந்துட்டாப் போதுங்க.”

அனுப்பும் கடிதத்திலும் வேகத்தை அப்படித்தான் எழுதியிருக்கிறாரா என்று கேட்பதற்குள் இறங்கிவிட்டார். எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.