இருபத்தாறு மில்லிமீட்டர்

கோட்டையூர் செந்தாமரை ஜெயித்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல அவள் அண்ணன் காளிராஜுக்குத் தடுமாற்றமே கிடையாது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, அதே வருடம் திரும்ப எழுதி எண்பத்தொன்று வாங்கினாள். கடலையும் நெல்லும் போடுகிற சம்சாரி வீட்டில் பிறந்து, அப்பா தங்கச்சாமியிடம் இரண்டு வருடம் மல்லுக்கட்டிப் பாராகிளைடரில் பறக்கச் சம்மதம் வாங்கினாள். கண்டரமாணிக்கத்துக்கு வெளியே இருக்கும் பறக்கும் திடலில் வருகிறவர்கள் பெயரை எழுதும் வேலைக்குப் போனவள், நாலாம் வருடம் அங்கேயே தனியாகப் பறக்க அனுமதி பெற்றாள். ஓடிக் குதித்துக் கிளம்ப ஒரு குன்றுகூட இல்லாத பொட்டல் அது. வின்ச் இயந்திரம் கயிற்றைச் சுருட்டி இழுக்க, பட்டம் மாதிரி மேலே ஏற வேண்டும். அப்படி ஏறி, 2022 ஏப்ரல் ஒன்பதாம் தேதி, வேடசந்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு முருங்கைத் தோட்டத்தில் போய் இறங்கினாள். நேர்கோட்டில் எண்பத்தாறு கிலோமீட்டர். மறு வருடம் நாற்பத்துமூன்று பேர் பறந்த போட்டியில் மூன்றாவதாக வந்தாள். அந்த நாற்பத்துமூன்றில் பெண்கள் நாலு பேர்.

இதற்கடுத்து அவள் ஜெயித்திருக்க வேண்டிய ஒன்று காளிராஜால் கெட்டது.

காளிராஜ் அவளுக்கு ஒன்பது வயது மூத்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கோட்டையூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தார்ப்பாயும் பந்தல் துணியும் தைக்கிற கடை போட்டவன். துணியை வெட்டுமுன் இரண்டு தடவை அளப்பான், வெட்டியபின் ஒரு தடவை அளப்பான், அளந்ததை உடனே நோட்டில் எழுதுவான். தங்கச்சி வாங்கிய கேடயத்தைக் கடையில்தான் வைத்திருந்தான், பேருந்துக்கு நிற்கிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில்.

பக்கத்து டீக்கடை சொக்கு வம்புக்கு இழுப்பார். "என்ன காளி, இன்னைக்கு ஒன் தங்கச்சி எங்குட்டுப் பறக்குது? எங்க மாட்டுக் கொட்டாயில எறங்கிறாமப் பாத்துக்கப்பா."

"அம்புட்டு ஒசரத்துல இருந்து பாத்தா ஒங்க மாட்டுக் கொட்டாயே தெரியாதுண்ணே. நீங்களும் தெரிய மாட்டீக, ஒங்க டீயில கெடக்குற தண்ணிதான் பளபளன்னு தெரியும்."

2022 கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் புதிதாக வேறொன்று வாங்கியபோது, தன்னுடைய பந்தயக் கிளைடரைச் செந்தாமரைக்கு விட்டுக்கொடுத்தார். பழகுகிறவர்கள் பறக்கிற கிளைடர் சின்னப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். பந்தயக் கிளைடர் பொறுக்காது. தலைக்கு மேலே விரிகிற துணியையும் கீழே தொங்குகிற ஆளையும் சேர்த்துப் பிடிக்கிற நூல்களை லைன் என்பார்கள். இதில் முன்னே ஒரு வரிசை, பின்னே ஒரு வரிசை, அவ்வளவுதான். காற்றில் தடங்கல் இருக்கக்கூடாதென்று அவற்றை மேலுறை இல்லாமல் மெல்லிசாகச் செய்திருப்பார்கள். நீளம் கொஞ்சம் மாறினாலும் கிளைடரின் நடத்தை மாறிவிடும்.

செந்தாமரை அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்திருந்தாள். இறங்கியதும் நிழலுக்குக் கொண்டுபோவாள். மடிக்குமுன் உள்ளே கைவிட்டு வெட்டுக்கிளி ஏதும் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். மாட்டிக்கொண்டது வெளியே வரத் துணியைக் கடித்துவிடும். ஆபத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது பாராசூட்டை வருடத்துக்கு இரண்டு தடவை பிரித்து, காற்றாட விட்டு, திரும்ப மடிப்பாள். ஐம்பது மணி நேரம் பறந்ததும் லைன்களை அளக்க வேண்டும். அதற்குத்தான் காளிராஜ். கடைக்குப் பின்னால் சுவரில் கொக்கி அடித்து, அதில் லைனின் ஒரு முனையை மாட்டி, மறுமுனையை வில்தராசு ஐந்து கிலோ காட்டுகிறவரை அவள் இழுத்துப் பிடிப்பாள். அவன் டேப்பைப் பார்த்து மில்லிமீட்டர் கணக்கில் எழுதுவான்.

"கண்ணாடியப் போடுங்கண்ணே. மூணுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாம எழுதிறாதீக."

"ஏய், ஒன் கண்ணவிட என் கண்ணு நல்லாருக்கு. ஒழுங்கா இழு, தராசு நாலேமுக்காலுதான் காட்டுது."

திடலில் ஒவ்வொரு கிளைடருக்கும் ஒரு அட்டை உண்டு. அளவுகளை அதில் எழுதிக் கொண்டுபோனால், திடலை நடத்துகிற பூமிநாதன் பார்த்துக் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் தரையை விட்டு எழும்பாது.

2024 ஜனவரி முப்பதாம் தேதி செந்தாமரை காற்று குறைந்து ஒரு கண்மாய் ஓரத்தில் இறங்கினாள். கிளைடர் தண்ணீரில் விழுந்து சேறாகிவிட்டது. பிப்ரவரி பதினேழில் மகாராஷ்டிரத்தில் பெண்கள் அணிக்கான தேர்வு. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். நடுவில் திடலில் புதியவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிற நாலு நாள் பயிற்சி முகாம் வேறு. அவள் அங்கேயே தங்க வேண்டும்.

"நல்ல தண்ணியில அலசி நெழல்ல காயப்போடுங்கண்ணே. சோப்பு வேணாம், வெயிலு வேணாம்," என்றாள்.

"நீ போயிட்டு வாத்தா. காஞ்சதும் அளந்து அட்டையையும் எழுதி வச்சிர்றேன்."

சொன்னது சொன்னபடி செய்தான். சோப்புப் போடவில்லை, வெயிலிலும் காட்டவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் தொங்கவிட்டு, தூசி வராமல் கதவையும் சாத்திவைத்தான். பகலில் அந்தக் கொட்டகைக்குள் நிற்க முடியாது, அப்படிக் கொதிக்கும். நிழல்தானே என்று நினைத்தான். ஈர லைன்கள் மூன்று நாள் அந்த வெக்கையிலேயே காய்ந்தன.

நாலாம் நாள் அளந்தான். தராசைச் சுவரிலேயே கட்டி, தனியாளாகவே இழுத்து அளந்தான். முன் வரிசையில் குறையில்லை. பின் வரிசையில் இருபத்துநாலு, இருபத்தைந்து, ஒன்றில் இருபத்தாறு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மறுபக்கமும் அப்படியே. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தான். எண் மாறவில்லை.

தங்கச்சிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் பூமிநாதன் கிளைடரை நிறுத்திவைப்பார். புது லைன் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும், தேர்வு போய்விடும். தங்கச்சி தேர்வுக்குப் போகிறாள் என்று பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தான். அதோடு, இருபது வருடமாகக் கயிற்றோடு பழகியவன். மழையில் நனைந்து சுருங்கிய பந்தல் கயிறு, பாரம் ஏறியதும் பழைய நீளத்துக்கு வந்துவிடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். இதுவும் கயிறுதானே, இரண்டு தடவை ஆளைத் தூக்கிப் பறந்தால் இழுபட்டுச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போன ஆகஸ்டில் அளந்த எண்களை நோட்டைப் பார்த்து, ஒன்றுவிடாமல், அழகான கையெழுத்தில் புது அட்டையில் எழுதினான். பூமிநாதன் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி பத்து, சனிக்கிழமை, தேர்வுக்குப் போகுமுன் ஒரு தடவை பறந்து பார்க்கச் செந்தாமரை திடலுக்கு வந்தாள். காளிராஜும் கூடப் போயிருந்தான். கிளைடரைத் தலைக்கு மேலே எழுப்பினாள். பாதியில் பின்னால் சரிந்து விழுந்தது. இன்னொரு தடவை எழுப்பினாள், அந்தத் தடவையும் சரிந்தது.

"காத்து மந்தமா இருக்குபோல," என்றார் வின்ச் பக்கத்தில் நின்ற மருதுபாண்டி.

செந்தாமரை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, பின் வரிச அளந்தீகள்ல?"

"அளந்தேன்த்தா."

"சரியா இருந்துச்சா?"

"அதான் அட்டையில எழுதியிருக்கேன்ல."

அவள் தலையாட்டினாள். மூன்றாம் தடவை கிளைடர் எழும்பி நின்றது. மருதுபாண்டி வின்ச்சை முடுக்கினார். முப்பது மீட்டர் உயரத்தில் கிளைடர் முன்னால் போவதை நிறுத்திவிட்டது. துணி சுருங்கவில்லை, மடியவில்லை, நன்றாக விரிந்தபடியே நின்றது. செந்தாமரை இழுவைக் கயிற்றைக் கழற்றிவிட்டாள். அப்படியும் அது முன்னே பாயவில்லை, நேர் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. முன் லைன்களை அவள் கையால் பிடித்துத் தள்ளுவதைக் காளிராஜ் பார்த்தான். இரண்டாவது பாராசூட்டை வீசியிருந்தால் அது விரிவதற்குள் தரை வந்திருக்கும்.

மதுரை ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள். வலது குதிகால் எலும்பும் இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒன்றும் உடைந்திருந்தன. நடப்பாள், ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அட்டையில் எல்லா அளவும் சரியாக இருந்ததால், பூமிநாதன் விபத்துப் பதிவேட்டில் 'பறந்தவர் பிரேக்கை அளவுக்கு மீறி இழுத்தது' என்று எழுதினார். கையில் இருக்கும் பிரேக்கைக் கூடுதலாக இழுத்தாலும் கிளைடர் அப்படித்தான் ஓடாமல் நின்றுவிடும். தேர்வு நடந்து முடிந்தது.

வீட்டில் கட்டிலில் படுத்தபடி செந்தாமரை இரண்டு கைகளையும் தூக்கி, பிரேக் பிடியைப் பிடித்திருப்பதுபோல வைத்துக்கொண்டு, மெதுவாக இறக்கிப் பார்ப்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது செய்வாள். காளிராஜ் சாப்பாட்டுத் தட்டோடு வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, அவள் கையை இறக்கியபிறகு உள்ளே போவான். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தான். முதலில் அவள் எழுந்து உட்காரட்டும் என்று தள்ளிப்போட்டான். உட்கார்ந்தாள். ஊன்றுகோலோடு நடக்கட்டும் என்றான். நடந்தாள். மார்ச்சும் ஏப்ரலும் மே மாதமும் போயின.

ஜூனில் ஒருநாள் மத்தியானம் அவள் ஒரு தாளை நீட்டினாள். "இத பூமிநாதன் சார்ட்டக் குடுத்திருங்கண்ணே. திடலுக்கு இனிமே வரலன்னு எழுதியிருக்கேன்."

"பறக்காட்டி என்னத்தா, சொல்லிக்குடுக்குற வேல இருக்குல்ல?"

"எந்த எடத்துல பிரேக்கக் கூடுதலா இழுத்தேன்னு எனக்கே தெரியல. என் கைய நானே நம்ப முடியாதப்ப, அடுத்தவுகளுக்கு எப்படிண்ணே சொல்லிக்குடுக்க? கிளைடர்ல குத்தம் இருந்துச்சுன்னா மனசாறிப் போயிருவேன். அட்டைய நூறு தடவ பாத்துட்டேன். ஒங்க அளவு தப்பாது."

காளிராஜ் அந்தத் தாளை வாங்கவில்லை. கட்டில் காலடியில் உட்கார்ந்தான். "அந்த அளவு பொய்யித்தா," என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான், கொட்டகையிலிருந்து.

அவன் முடித்ததும் அவள், "எத்தன மில்லி?" என்று கேட்டாள்.

"இருபத்துநாலு, இருபத்தஞ்சு. ஒண்ணு இருபத்தாறு."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும். பாரம் ஏறினா இழுபட்டுரும்னு நெனச்சேன். பந்தக் கயிறு அப்படித்தான..."

"பாரத்துல முக்காவாசி முன் வரிசைக்குண்ணே. பின் வரிச சும்மா கூட வர்றதுதான். இழுக்க ஆளில்லாமத்தான் அது சுருங்குது. அது குட்டையாப் போனா கிளைடரு பின்னாலயே சாஞ்சு நிக்கும், ஓடாது."

"எனக்குத் தெரியலத்தா."

"தெரியலங்கறது தப்பில்ல. நான் கேட்டேன்ல. பொட்டல்ல நின்னு ஒங்க மொகத்தப் பாத்துக் கேட்டேன்ல."

அவன் அழுதான். அவள் அழவில்லை. தன் கைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தான் எழுதிய தாளை நாலாக மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். "பூமிநாதன் சார்ட்ட நீங்களே போயிச் சொல்லுங்க. நான் சொன்னா அது பிராது மாதிரி ஆயிரும்."

மறுநாள் காளிராஜ் போய்ச் சொன்னான். பூமிநாதன் அவனை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஆகஸ்ட் அட்டையையும் பிப்ரவரி அட்டையையும் எடுத்து அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆறு மாசம் பறந்த லைன்ல ஒரு மில்லிகூட மாறலன்னு இருக்கு. அப்படி ஒரு லைன் எங்கயுமே கெடையாது. அதப் பாத்துட்டுத்தான் நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றார். பதிவேட்டில் தான் எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்து, மேலே உண்மைக் காரணத்தை எழுதினார். பிறகு சொன்னார்: "காகிதத்தப் பாக்குறவன் இனிமே கையெழுத்துப் போடக்கூடாது. லைனத் தொட்டு அளக்குற ஆளுதான் போடணும். ஒங்க தங்கச்சி வெளிய நடமாட ஆரம்பிச்சதும் வரச் சொல்லுங்க."

ஆகஸ்டில் அவள் ஊன்றுகோலோடு திடலுக்குப் போனாள். முதலில் தன் கிளைடரையே எடுக்கச் சொன்னாள். காளிராஜ் பழக்கத்தில் டேப்பையும் கண்ணாடியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். டேப்பை எடுத்துக்கொண்டு, திடல் அறைச் சுவரில் அடித்திருந்த கொக்கிப் பக்கம் போனான்.

"அண்ணே, நீங்க அங்குட்டு ஒக்காருங்க," என்றாள் செந்தாமரை. குரலில் கோபம் இல்லை. "மருதுபாண்டி அண்ணே, நீங்க டேப்பப் பிடிங்க."

காளிராஜ் டேப்பை மருதுபாண்டி கையில் கொடுத்துவிட்டு, சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அளந்து முடிக்க இரண்டேகால் மணி நேரம் ஆனது. அவள் இழுத்துப் பிடித்து, தானே குனிந்து டேப்பைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லி எழுதினாள். பின் வரிசை வந்தபோது இருபத்துநாலு, இருபத்தைந்து என்று அவள் சொல்லுமுன்பே அவனுக்குத் தெரிந்தது. எழுந்து போய் அந்த எண்களைத் தானே சொல்ல வேண்டும்போல இருந்தது. போகவில்லை.

எல்லாம் முடிந்ததும் அட்டையின் அடியில் 'பறக்கத் தகுதியில்லை' என்று எழுதி, அதுவரை பூமிநாதன் மட்டுமே எழுதிவந்த கடைசிக் கட்டத்தில் த. செந்தாமரை என்று அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2024 ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.