மருந்துக்கடை அக்கா வீட்டில் பார்த்த வைத்தியம்

மலச்சிக்கல் என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கு மனசு வரும்? காய்ச்சலுக்கு வருகிறவர்கள் ஊருக்கே கேட்கிற மாதிரி மாத்திரை கேட்பார்கள். இதற்கு வருகிறவர்களோ, கூட்டம் குறையும்வரை சோப்பு விலையைப் படித்துக்கொண்டு நிற்பார்கள். மருந்துக்கடை அக்காவுக்கு அந்த நிற்பே போதும். இருபத்திரண்டு வருஷ அனுபவம். பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில், "எத்தனை நாளாச்சு?" என்பாள்.

எது எப்படி வேலை செய்யும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இசப்கோல் உமி ஊறிப் பருத்துத் தள்ளும். ஆனால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். லாக்டுலோஸ் சிரப் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பலன் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், வயிறு உப்பும். படுக்கும்போது போடுகிற மாத்திரை குடலைப் பிடித்து உலுக்கும். காலையில் போய்விடும், கூடவே வலியும் வரும். மூன்று வாரம் தாண்டியவர்களுக்கு மட்டும் அவள் எதையும் விற்கமாட்டாள். "முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று கறாராகத் திருப்பி அனுப்புவாள். முதலாளி முறைத்தாலும் அசரமாட்டாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நடுவழியில் இறங்க முடியாதென்று தண்ணீரையே தொடாத மனுஷன். ஒருநாள் வயிற்றைத் தடவிக்கொண்டு, "உன் கடையில இருந்து எனக்கும் ஏதாவது கொண்டாயேன்" என்றார். உமி கொண்டுவந்தாள். பதினைந்து நாள் பார்த்தும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்காதவருக்கு உமியைக் கொடுத்தது தன் தப்பு என்று சிரப்புக்கு மாறினாள். வயிறு உப்பி ஸ்டியரிங்கில் இடிக்கிறது என்றார், மாத்திரைக்கு மாறினாள். மாத்திரை கேட்டது. "நம்ம கைராசி அப்படி" என்று கடையில் பீற்றிக்கொண்டாள். அதுவும் கேட்காமல் போனதும் சிரப்போடு மாத்திரை, அப்புறம் வேறு கம்பெனி.

இங்கேதான் கெட்டிக்காரி கோட்டைவிட்டாள். புது மருந்து என்றால் அவளுக்குப் புதுக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் முதல் நாளிலிருந்து எண்ணியதால், எதுவுமே மூன்று வாரத்தைத் தாண்டியதாக அவளுக்குப் படவில்லை. அவர் பெல்ட்டில் புது ஓட்டை போட்டபோதுகூட, "தொப்பை கரையுது, சந்தோஷப்படு" என்றார். பாவி, அவளும் சிரித்தாள்.

போன வாரம் டிப்போ கழிப்பறையில் மயங்கி விழுந்தவரை உடன் வேலை செய்கிறவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்கேனில் குடலில் கட்டி தெரிந்தது. முற்றியிருந்தது.

டாக்டரம்மா கட்டிலருகே வந்து ஃபைலைத் திறந்தார். "இந்தத் தொந்தரவு எவ்வளவு நாளா இருக்கு?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஒரு பத்து நாளாத்தான் டாக்டர். இவகிட்டகூட சொல்லல. வெட்கமா இருந்துச்சு."

போர்வைக்கு அடியில் அவர் கை அவள் கையை அழுத்தியது. பேசாம இரு என்று அர்த்தம். சாகக் கிடக்கிற நேரத்திலும் அவள் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

"இல்ல டாக்டர்" என்றாள். "ஏழு மாசம். நான்தான் மருந்தை மாத்தி மாத்திக் குடுத்தேன்."

"ஏன்டி சொன்ன?" என்றார் அவர், மெதுவாக.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார்: "ரத்தம் எப்பலேர்ந்து போகுது?"

அக்கா கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"தெரியல டாக்டர்" என்றாள். "அதை நான் கேக்கவே இல்ல."