சரளை மேட்டில் திராட்சை

நாசிக்குக்கு வடக்கே அத்திம்பேர் குடும்பத்துக்கு இருந்த நிலத்தைப் பிரித்தபோது, ஓடையோரக் கரிசல் அவருடைய அண்ணனுக்குப் போனது. அத்திம்பேருக்குக் கிடைத்தது மேலே குன்றுச் சரிவு. செம்மண்ணும் சரளையுமாக, கடப்பாரை போட்டால் பொறி பறக்கும் மேடு. அத்திம்பேர் மராத்திக்காரர். செம்பூரில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் அக்காவோடு வேலை பார்த்து, அவளையே கல்யாணம் செய்துகொண்டவர். அண்ணன் ஏமாற்றிவிட்டார் என்று பல மாதம் புலம்பினார். அண்ணனோடு பேச்சும் நின்றுபோயிற்று. அக்கா புலம்பவில்லை. மண்ணை ஒரு பையில் அள்ளிப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். முடிவு வந்ததும், ஒயின் திராட்சை போடலாம் என்றாள்.

செம்பூர் வீட்டில் அம்மா இதைக் கேட்டுக் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"சாராயத்துக்கா?"

"ஒயினுக்கும்மா."

"ரெண்டும் ஒண்ணுதான். கோவில்ல யாராவது கேட்டா திராட்சைத் தோட்டம்னு மட்டும் சொல்லுவேன். அதுக்கு மேல என் வாயைக் கிளறாதே."

முதல் காய்ப்பின்போது நான் போயிருந்தேன். பழங்கள் சுண்டைக்காய் அளவில்தான் இருந்தன. ஒன்றை வாயில் போட்டேன். தித்திப்பு இருந்தது, ஆனால் தோலும் விதையும்தான் அதிகம். கீழே, நாங்கள் பெரியவர் என்று சொல்லும் அத்திம்பேரின் அண்ணன் தோட்டத்தில் சாப்பாட்டுத் திராட்சை கொத்துக் கொத்தாகப் பருத்துத் தொங்கியது. அதைக் காட்டி, இவ்வளவு சிறியதை யார் வாங்குவார்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"கரிசல் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும்டி. கொடி சுகமா இலை விட்டுண்டே போகும். பழமும் பெருசா வரும், ஆனா உள்ள தண்ணிதான். திங்கறதுக்கு அது போறும். இங்க தண்ணி நிக்காது. வேர் ஆழமாப் போய்த் தேடிக்கணும். பழம் சின்னதா, தோல் தடிமனா வரும். ஒயினுக்கு நிறமும் வாசனையும் தோல்லேர்ந்துதான் வரது."

குளிர் தேசங்களில் கொடி பனிக்காலம் முழுவதும் தூங்குமாம். இங்கே அதற்குத் தூக்கமே கிடையாது. மனிதர்கள்தான் கத்தரிக்கோலால் அதற்குப் பருவத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோடையில் ஒரு கவாத்து, கிளைக்காக. மழை ஓய்ந்ததும் இன்னொன்று, பழத்துக்காக. பிறகு குளிர்காலம் முழுக்கப் பழம் முற்றுகிறது. பகல் வெயில் சர்க்கரையை ஏற்றுகிறது, இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. கடலிலிருந்து தள்ளி அவ்வளவு உயரத்தில் இருப்பதால்தான் இது நடக்கிறது. அக்கா ஒரு குச்சியைக் கடலோரச் செம்பூர் பால்கனித் தொட்டியில் ஊன்றிப் பார்த்தாள். வெறும் இலையாகப் படர்ந்தது. ஜூன் மழையில் அந்த இலைகளின் அடியில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. அம்மா அதைப் பிடுங்கிவிட்டுக் கறிவேப்பிலை வைத்தாள்.

சில வருஷங்கள் கழித்து, அறுவடை நெருங்கிய நேரத்தில் பருவம் தப்பி மழை வந்தது. நான் லீவு போட்டு அங்கே போயிருந்தேன். சாயங்காலம் மேகம் கறுத்தது, தகரக் கூரையே அதிரும்படி கொட்டியது. காலையில் அக்கா வரிசை வரிசையாக நடந்து பழத்தை நசுக்கி, சர்க்கரை பார்க்கும் சின்னக் குழாயின் கண்ணாடியில் சொட்டுவிட்டு வெளிச்சத்தில் பார்த்தாள். சர்க்கரை இறங்கியிருந்தது.

"தாம்பு நகோ," என்றார் அத்திம்பேர். காத்திருக்காதே என்று அர்த்தம். பிறகு எங்களிடம் கற்ற தமிழில், "இன்னொரு மழை வந்தா எல்லாம் போச். இன்னைக்கே வெட்டு."

"இன்னைக்கு வெட்டினா தண்ணியைத்தான் விப்போம். காத்து அடிக்கறது, சரிவுல தண்ணி இறங்கிடும். பழம் மறுபடி தேறும்."

"தேறலைன்னா?"

அக்கா அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். எனக்கு இருவர் பேச்சும் நியாயமாகவே பட்டது.

மத்தியானம் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். பெரியவர் தோட்டத்தில் பழங்கள் வெடித்துக் கிடந்தன. காடி நாற்றம், ஈ. கரிசல் காலைப் பிடித்து இழுத்தது. அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையின் இரு பக்கமும் நின்று, கெடாத கொத்துகளைப் பொறுக்கி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் டப்பாவைத் திறந்ததும் அத்திம்பேர் பாதி ரொட்டியைப் பிய்த்து அண்ணனிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார்.

இருட்டும் நேரத்தில் பிசுபிசுத்த கைகளோடு மேலே வந்த அத்திம்பேர் அக்காவிடம், "கீழ தண்ணி நிக்கறது, இங்க இல்ல. சரி, இருந்து பாக்கலாம்," என்றார்.

இரண்டாவது மழை வரவில்லை. காற்று விடாமல் அடித்தது. மேல் வரிசைகளில் பழத்தின் ஈரம் காய்ந்து, குழாயில் அளவு மெல்ல ஏறியது. ஆனால் அவர்கள் நிலத்திலேயே சரிவு முடிந்து சமதளமாகும் இடத்தில் காலைப் பனிமூட்டம் கலைய நேரமானது. அந்த வரிசைகளில் அழுகல் புகுந்து, கொத்து கொத்தாக வெட்டி எறிய வேண்டியதாயிற்று. அன்றே வெட்டியிருந்தால் அவையாவது மிஞ்சியிருக்கும். அத்திம்பேர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அக்காவே ஒருமுறை சொன்னாள்: "பாதி நான் சொன்னபடி, பாதி அவர் சொன்னபடி."

மேல் பழத்தை ஒயின் ஆலைக்காரர்கள் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டார்கள். ஏற்றிப் போக டிராக்டர் தந்தது பெரியவர். சமதளத்துக் கொடிகளைக் கோடையில் பிடுங்கிவிட்டு, மழைக்குப் பிறகு அங்கே கொண்டைக்கடலை விதைத்தார்கள்.